நரியா, மாடா, குரங்கா: கொடுத்து வாங்கும் கதைகளில் எதை எடுக்கலாம்?

மிருகங்கள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் கதை வேண்டும் என்று பெங்களூரின் அல்சூரிலும் ஃபிரேசர் டவுனிலும் இருக்கும் நம் தமிழ் ஆட்கள் யாராவது கேட்டால், நான் மூன்றைத்தான் சொல்வேன். இரண்டு ஆங்கிலப் படப்புத்தகங்கள், அப்புறம் பாட்டி வாயிலிருந்து வரும் வால் போன குரங்கின் கதை. மூன்றையும் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குப் பலமுறை வாசித்திருக்கிறேன், அதாவது ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுவேன், நடுவில் கன்னடமும் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நரிக் கதையை வாங்குங்கள்.

நரிக் கதை என்பது நானி ஹோக்ரோகியன் எழுதி வரைந்த 'ஒன் ஃபைன் டே'. ஆர்மீனிய நாட்டுப்புறக் கதையை வைத்துச் செய்தது, அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கத்தை 1972-ல் வாங்கியது. தாகத்தில் ஒரு கிழவியின் பாலை நரி குடித்துவிடுகிறது, அவள் வாலை வெட்டிவிடுகிறாள். பாலைத் திருப்பிக் கொடுத்தால்தான் வால். பசுவிடம் போனால் புல் கேட்கிறது, வயல் தண்ணீர் கேட்கிறது, ஓடை தனக்கென்று எதுவும் கேட்காமல் குடம் கொண்டு வா என்கிறது, குடம் வைத்திருக்கும் பெண்ணுக்கு நீல மணி வேண்டும், மணி விற்பவனுக்கு முட்டை, கோழிக்குத் தானியம். இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவர் கேட்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கோழி தானியம் கேட்டால் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் அமைந்தால்தான் பண்டமாற்று நடக்கும் என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1875-ல் பணத்தைப் பற்றிய தன் நூலில் விளக்கிய சிக்கல் அப்படியே இந்தக் கதையில் இருக்கிறது. நரி அலைவதே அதனால்தான். கடைசியில் மாவு மில்லுக்காரர் மட்டும் பாவப்பட்டு எதையும் வாங்காமல் தானியத்தைக் கொடுக்கிறார், உடனே அடைபட்டிருந்த மொத்தச் சங்கிலியும் கடகடவென்று ஓடிவிடுகிறது. பதிலுக்கு எதுவும் கேட்காத ஒருவர் எங்கேயோ இருந்தால்தான் மற்ற எல்லாருடைய கணக்கும் நேராகிறது என்பதை இந்த வயசுக்கு இவ்வளவு எளிதாகச் சொன்ன வேறு புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை.

மாட்டுக் கதை 'கிளிக், கிளாக், மூ'. டோரீன் க்ரோனின் எழுத்து, பெட்ஸி லெவின் படங்கள், 2000-ல் வந்தது, அடுத்த வருஷம் கால்டெகாட் ஹானர், அதாவது பதக்கத்துக்கு அடுத்த நிலைப் பாராட்டு. கொட்டகையில் குளிர், பழைய டைப்ரைட்டர் ஒன்று கிடைக்கிறது, மாடுகள் மின்சாரப் போர்வை கேட்டு பிரவுன் என்ற விவசாயிக்கு எழுதுகின்றன. அவர் மறுக்க, பாலை நிறுத்துகின்றன, கோழிகளும் சேர்ந்து முட்டையை நிறுத்துகின்றன. படங்களில் இருக்கும் துள்ளலுக்கு நரிப் புத்தகம் கிட்டவே வராது. ஆனால் பெங்களூர் பிள்ளைக்கு டைப்ரைட்டரும் தெரியாது, மின்சாரப் போர்வையும் தெரியாது, பால் என்றால் நந்தினி பாக்கெட், அதனால் முதல் தடவை பாதி நேரம் விளக்கத்திலேயே போய்விடும். இன்னொன்று, இது பண்டமாற்றைவிடப் பேரத்தைப் பற்றிய கதை. போர்வைக்கு டைப்ரைட்டர் என்று ஒப்பந்தம் ஆகி, விவசாயி நம்பிப் போர்வையை வைத்துவிடுகிறார், தூது போன வாத்து டைப்ரைட்டரைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை, குளத்துக்கு டைவிங் போர்டு வேண்டும் என்று வாத்துகள் கடிதம் எழுதுகின்றன. ஏழு வயசுப் பிள்ளைகள் இந்த இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள், வாத்து செய்தது சரியா தப்பா என்று, அந்த வாதத்துக்காகவே இதை வாசிக்கலாம். நாலு வயசுக்கு வாத்து தண்ணீரில் குதிக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நம் குரங்கு. இதிலும் வால்தான் போகிறது, அதனால்தான் நரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முள் எடுக்கப் போன இடத்தில் நாவிதர் வாலை அறுத்துவிட, வாலுக்குப் பதில் கத்தி, கத்திக்குப் பதில் விறகு, விறகுக்குப் பதில் தோசை என்று போய் மேளத்தில் முடியும் (ஊருக்கு ஊர் பொருள்கள் மாறும்). சொல்லச் சொல்லப் பிள்ளைகள் டும் டும் போடுவார்கள், அந்தச் சுகம் அச்சுப் புத்தகத்தில் கிடையாது. ஆனால் குரங்கு செய்வது வியாபாரம் இல்லை, மிரட்டல். தன் பொருளை வலியக் கொடுக்கும், அது தீர்ந்ததும் வந்து நிற்கும், எதிராளியிடம் இருப்பதைப் பிடுங்கும். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்காது. நரி தான் குடித்த பாலை ஈடுகட்டப் புத்தகம் முழுக்க அலைகிறது, குரங்குக்கோ வால் போனதே மறந்துவிடுகிறது. சொல்வதற்கு நல்ல கதை, கொடுக்கல் வாங்கலைப் புரியவைக்க உதவாது.

நம்மிடம் வேறு சரக்கு இல்லாமலா? சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்ச்சி மோர் விற்று வந்த தானியத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள், நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்று எருமையும் பசுவுமாக வாங்கிக்கொள்கிறாள். பொன்னைவிடப் பால் தரும் மாடு ஏன் மேல் என்று பிள்ளைகள் கேட்பார்கள், நாமும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இது படப்புத்தகமாக வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். இங்கே பெங்களூரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் என்ற குழந்தைப் புத்தகப் பதிப்பகம் 2015-லிருந்து நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடம் இரண்டிலும் இலவசமாகக் கதைகள் இருக்கின்றன, எழுதவும் வரையவும் தெரிந்தவர்கள் அங்கேயே முயற்சி செய்யலாம்.

ரொட்டி சுட்ட சிவப்புக் கோழிக் கதையையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். அதில் கோழி யாருக்கும் எதுவும் மாற்றிக் கொடுப்பதில்லை, வேலை செய்யாதவர்களுக்கு ரொட்டி இல்லை என்பதோடு முடிகிறது, நான் சேர்க்கமாட்டேன். பள்ளிக்குப் போகும் வயசில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று வீட்டில் இருவர் இருந்தால் மாட்டுக் கதையையும் சேர்த்து வாங்குங்கள், ஆனால் சின்னவருக்கு நரிக் கதை வரிசையாகச் சொல்ல வந்த பிறகு அதை எடுங்கள்.