மாதிரித் துண்டில் பதிக்க வாழைநாரா, சரிகையா?

கைத்தையலில் வேற்றுப் பொருள்களைக் கலந்து பார்க்க விரும்புவோருக்கு மதுரையில் எளிதில் கைக்கு எட்டுபவை இரண்டு: மல்லிகை தொடுக்கும் வாழைநார், சரிகை நூல். இரண்டையும் ஆறு அங்குலச் சதுரத் துண்டுகளில், காடாத் துணியிலும் சுங்குடியிலும் தைத்துப் பார்த்தேன்.

ஊசியில் கோத்துத் தைக்க இரண்டுமே இணங்குவதில்லை. நார் ஊசிக் காதிலேயே பிளந்துவிடுகிறது. சரிகையோ துணியில் நாலு முறை நுழைந்து வந்ததும் மேல்தகடு உரிந்து, உள்நூல் வெளியே தெரிகிறது. ஆகவே இரண்டையும் துணியின் மேல் படுக்கவைத்து, ஆறிழைப் பருத்தி நூலிலிருந்து ஓரிழையை மட்டும் பிரித்தெடுத்து, குறுக்கே சிறு தையல்களிட்டுப் பிடித்தேன்.

காய்ந்த நாரை வளைத்தால் முறியும் என்பது பூக்கட்டும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் அதை நனைத்து வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே சொட்டச் சொட்ட நனைத்துத் தைத்தேன். மறுநாள் நார் காய்ந்து மெலிந்துவிட, தையல்களெல்லாம் தொளதொளவென்று நின்றன. போதாததற்குக் காடாவில் பழுப்புக் கறை வேறு. வாழைக்கறை லேசில் போகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! நாரை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமானதும் எடுத்து, நெருக்கமாகத் தைத்த அடுத்த துண்டில் இந்தக் குறைகள் பெரிதும் நீங்கின. அதன் மங்கிய வைக்கோல் நிறமும், ஓரத்தில் பிரிந்து நிற்கும் சிலும்புகளும் வேறெந்த நூலிலும் கிடைக்காதவை.

சரிகையில் இத்தனை பாடு இல்லை. வளைவுகளில் வழுக்கிச் செல்லும். முனைகளை மட்டும் பின்பக்கம் இழுத்து முடிந்துகொள்ள வேண்டும். பாலியஸ்டர் தகடு சுற்றிய மலிவுச் சரிகையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சுருங்கிப்போகும் என்பதால், பழைய பட்டுப்புடவையின் கரையிலிருந்து உருவிய இழைகளையே நான் விரும்புகிறேன்.

உண்மையான வேறுபாடு சுங்குடியில்தான் வெளிப்பட்டது. அதன் வெண்புள்ளிகள் கோலப்புள்ளிகளைப் போலவே வழிகாட்டுகின்றன. புள்ளிகளைச் சுற்றிச் சுழித்துச் செல்லும் சிக்குக் கோலத்துக்குச் சரிகை கச்சிதமாகப் பொருந்தியது. நார் ஒவ்வொரு சுழியிலும் மடிந்து உடைந்தது. புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுக்கும்போதோ நாரே வென்றது, அரக்கு நிறத் துணியில் கறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த துணியில் புள்ளிதோறும் சிறு சுருக்கம் இருக்கும், எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கிப் பூட்டினால் அந்த அழகு தட்டையாகிவிடும் என்பதால், அதை மடியில் வைத்தே தைத்தேன்.

துவைத்து உடுத்தும் ஆடைக்கு என்றால் தயங்காமல் சரிகையையே எடுப்பேன். மாதிரியாக வைத்துப் பார்ப்பதற்கு எனக்கு நார்தான். ஆனால் அந்தத் துண்டுகளை மடிக்காமல், அட்டையில் பரப்பியே வைத்திருக்கிறேன்.