காட்டைக் கெடுப்பது எப்படி: சாபமா, பாலையா, உண்ணிச்செடியா?

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஐந்து பேருக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, நடத்துகிறேன். எல்லாரும் ஷிப்ட் வேலைக்காரர்கள், அதனால் மாதத்தில் இரண்டு வாரம் கூடினாலே பெரிது. கதை நடப்பது நாங்களே உண்டாக்கிய ஒரு மாய உலகத்தில். அதன் நடுவில் மூதாளி வனம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் தேனும் தண்ணீரும் கொடுத்த காடு, இப்போது கெட்டுப்போய்க் கிடக்கிறது. உள்ளே போனவன் திரும்புவதில்லை, திரும்பிய மாடு பிழைப்பதில்லை.

சரி, காடு எப்படிக் கெட்டது? இந்தக் கேள்விக்கு நான் மூன்று பதில்களை ஆடிப் பார்த்திருக்கிறேன். சாபத்தால் கெட்ட காடாக 11 செஷன், வறண்டு பாலையான காடாக 2 செஷன், களை புகுந்து கெட்ட காடாக இதுவரை 26 செஷன். எண்ணிக்கையைப் பார்த்தாலே என் சாய்வு தெரிந்துவிடும். மறைக்க விரும்பவில்லை.

பயம், இருட்டு, வினோத மிருகங்கள், வழி தவறுவது எல்லாம் மூன்றிலும் கிடைக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பரப்பளவும் மூன்றுக்கும் ஒன்றுதான். பெரிய காடு என்று வாயால் சொன்னால் ஆடுபவர்கள் மனதில் எதுவும் பதியாது, ஓர் எண் வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே அளவுகோல் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-இல் அறிவித்த காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர். அந்த அளவையே மூதாளிக்கு எடுத்துக்கொண்டேன். கட்டத்துக்குப் பத்து சதுர கிலோமீட்டர் என்று அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தால் 69 கட்டம் வருகிறது. ஒரு சார்ட் பேப்பருக்குள் அடங்கிவிடும். அஞ்செட்டிப் பக்கம் காட்டோரம் வளர்ந்த எனக்கு, ஒரு கட்டத்தைப் புதருக்குள் நடந்து கடக்க ஒரு பகல் ஆகும் என்பது கணக்குப் போடாமலே தெரியும்.

முதலில் சாபக்காடு. எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான், நானும் அப்படித்தான். காட்டின் நடுவில் ஒரு மரம், அதன் அடியில் ஒரு மந்திரவாதி புதைத்த எலும்பு. அந்த எலும்பு கிடக்கும்வரை காட்டுக்கு விமோசனம் இல்லை. எடுத்து எரித்துவிட்டால் மறுநாளே காடு துளிர்க்கும். ஆரம்பிக்க வெகு சுலபம், முடிவு கண்ணுக்குத் தெரியும், புதிதாக ஆட வருகிறவருக்கும் ஒரே வாக்கியத்தில் புரிந்துவிடும். பத்து வாரத்துக்குள் முடிக்க வேண்டிய கதை என்றால் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் குழுவில் இது நான்காவது செஷனிலேயே களைத்துப்போனது. நடுமரம்தான் காரணம் என்று தெரிந்ததும் நேரே அங்கே போவதற்கு வழி தேடினார்கள், அதில் தப்பு இல்லை. வழியில் நான் வைத்த ஊர்கள், ஓடைகள், மக்கள் எல்லாம் தாண்டிப்போகும் தடங்கல் ஆகிவிட்டன. வாரம் ஒரு புது ராட்சசனை நான் கொண்டுவந்து நிறுத்தினால்தான் காட்டுக்கு உயிர். நிறுத்தாவிட்டால் அது வெறும் பின்னணி ஓவியம்.

பாலைக்காடு என்பது நம் மொழியிலேயே இருக்கிற யோசனை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் சொல்கிறது. காடு கெடுவதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. பிசாசும் இல்லை, மந்திரவாதியும் இல்லை, மழை பொய்த்தது, அவ்வளவுதான். செந்நாய், வழிப்பறிக் கள்வர், அவர்கள் கொன்றுபோட்ட வழிப்போக்கர்மேல் கல் குவித்த பதுக்கைகள், கொற்றவை கோயில் என்று சூழலுக்குத் தேவையானதெல்லாம் பழைய பாட்டுகளிலேயே கிடக்கிறது. ஏப்ரலில் மொரப்பூர் பக்கம் போய்வந்தவருக்கு வர்ணனையே வேண்டாம்.

ஆடியது இரண்டே செஷன் என்பதால் இதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டில் ஐந்து பேரும் தண்ணீர்ப்பையை எண்ணுவதிலேயே முழு மாலையையும் கழித்தார்கள். முதல் நாள் அது பதைபதைப்பாக இருந்தது, இரண்டாம் நாள் மளிகைக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. மழையை வரவைக்க ஆடுபவர்களால் எதுவும் செய்ய முடியாது என்பது பெரிய குறை. வேறு கைகளில் இது நன்றாக வரலாம்.

மூன்றாவது, நான் இப்போது நடத்துகிற களைக்காடு. இது எனக்கு என் அத்தை வீட்டு மாட்டிடமிருந்து வந்தது.

சில வருஷங்களுக்கு முன், கடுமையான ஒரு கோடையில், அத்தை சந்தையிலிருந்து ஒரு பசு பிடித்து வந்தார். நம் பக்கத்து மாடுகள் காட்டோரம் புதராக மண்டுகிற உண்ணிச்செடியை (லான்டானா) முகர்ந்துவிட்டு விலகிவிடும். அந்த இலையைக் கசக்கினால் வரும் நெடி அப்படி. இந்த மாடு வேறு ஊர், பசி வேறு, காட்டோரம் மேய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் புளியமரத்து நிழலைவிட்டு வெளியே வர மறுத்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வெயில் பட்டதும் உடம்பு நடுங்கிப் பின்னால் போகும். கண் மஞ்சளாகிவிட்டது, மூக்கைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. வெள்ளைத் தோல் இருந்த இடமெல்லாம் வெந்த மாதிரி.

“கண்ணு, யாரோ செஞ்சு வெச்சுட்டாங்கடா” என்றார் அத்தை.

“இல்லம்மா, ஈரல் கெட்டிருக்கு” என்றார் வந்து பார்த்த மாட்டு டாக்டர். கரித்தூளைக் கரைத்து ஊற்றி, இருட்டான கொட்டகையில் கட்டச் சொன்னார். தேறிவிட்டது.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு மறக்கவில்லை. உண்ணிச்செடியின் நஞ்சு ஈரலைத் தாக்கும். தின்ற பச்சையம் செரித்தபின் மிஞ்சும் ஒரு பொருளை ஈரல்தான் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். அது முடியாமல் போனால் அந்தப் பொருள் ரத்தத்தில் தங்கிவிடும். பிறகு தோலில் வெயில் பட்டால் சுடும். வெயிலைத் தாங்காத, நிழலில் ஒளிகிற, கண் மஞ்சளான மிருகம்! எந்த மந்திரவாதி புதைத்த எலும்பும் எனக்கு இவ்வளவு நல்ல பூதத்தைக் கொடுக்கவில்லை.

மூதாளி வனத்தில் இப்போது இருப்பது அதுதான். கடல் தாண்டி யாரோ ஓர் அரசி தோட்டத்துக்காகக் கொண்டுவந்த பூச்செடி, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. நம் உண்ணிச்செடியின் கதையும் இதுவே: அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு அழகுச்செடியாக, வேலிச்செடியாக வந்தது. கெடுதல் செய்கிற செடி பார்க்க அழகாக இருப்பது கதைக்கு எவ்வளவு பெரிய பலம் என்று நடத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும், மேலே வண்ணத்துப்பூச்சிகள். கறுத்துப் பழுத்ததைச் சின்ன வயதில் நாங்கள் தின்றிருக்கிறோம், இலையைப் போலப் பச்சைக் காயிலும் நஞ்சு உண்டு. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையை அடுத்த மேட்டில் போடும். அடர்ந்த புதரின் நிழலில் புல் செத்துப்போகும். புல் போனால் மான் போகும், யானை காட்டைவிட்டு ராகிக் கொல்லைக்கு வரும். மூதாளியில் ஊரைத் தாக்க வருகிற மிருகங்கள் கெட்டவை அல்ல, பசித்தவை. இது தெரிந்த அன்று எங்கள் குழுவில் வில்லாளியாக ஆடுகிறவர் எடுத்த அம்பைக் கீழே வைத்தார்.

இனி நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. ஒரு செஷனுக்கும் அடுத்த செஷனுக்கும் இடையில் காடு என்ன செய்கிறது, அதைக் கவனித்துக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்வி.

சாபக்காடு இடைப்பட்ட நாட்களில் எதுவும் செய்யாது. கேட்பதற்கு வேலை மிச்சம் போலத் தோன்றும். நடப்பது நேர்மாறு. அது தானாக எதுவும் செய்யாததால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நான் யோசித்து எழுத வேண்டும். சனிக்கிழமை மூன்று மணி நேரம் அதிலேயே போகும், நைட் ஷிப்ட் முடித்து வந்த வாரங்களில் அது முடியவே முடியாது. களைக்காட்டில் சனிக்கிழமை எனக்கு இருபது நிமிஷ வேலை. மேப்பை விரிப்பேன். களை உள்ள கட்டத்தை ஒட்டிய ஒவ்வொரு சுத்தமான கட்டத்துக்கும் ஒரு பகடை. ஆறு விழுந்தால் களை புகும். மழைக்காலமானால் ஐந்துக்கும் புகும். பழுப்புப் பென்சிலால் தீட்டிவிட்டுப் பார்த்தால் கதை தானாக நிற்கிறது: போன தடவை பாதை இருந்த இடத்தில் இப்போது இல்லை, தேன் எடுக்கப் போனவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

அழிப்பதற்கும் விதி வேண்டும். அதையும் செடியிடமிருந்தே எடுத்தேன். மேலாக வெட்டினால் இரண்டு செஷனில் அடியிலிருந்து துளிர்த்துவிடும். தீ வைத்தால் ஒரு செஷன் சுத்தம், பிறகு களை திரும்பும், மிச்சமிருந்த புல்லும் போயிருக்கும். எங்கள் ஆட்கள் இரண்டையும் செய்து பார்த்தார்கள். 31 கட்டத்தில் ஆரம்பித்த களை ஒரு சமயம் 38 கட்டம் வரை போனது. அப்போதுதான் குழுவில் இருக்கிற பாலக்கோட்டுக்காரர் மேப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

“அண்ணா, வேரோட கெளப்பித் தலைகீழா போட்டா?”

அவர் வீட்டுக் கொல்லையில் அப்படிச் செய்வார்களாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு கண்டறிந்த முறையும் இதேதான். தரைக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அதன்பின் அந்த இடத்தில் நாட்டுப் புல்லை விதைத்து, முளைத்து வரும் களைக்கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும். ஆட்டத்தில் இதற்கு மூன்று பேருக்கு ஒரு முழுப் பகல் என்று வைத்தேன், அதோடு அடுத்த மூன்று செஷனுக்கு யாராவது ஒருவர் வந்து கன்று பிடுங்க வேண்டும். தவறினால் பழைய கதை.

இந்த ஒரு விதி விளையாட்டையே மாற்றிவிட்டது. வாள் வீசப் பிறந்த கேரக்டர்கள் ஊர் ஊராகப் போய்க் கன்று பிடுங்க ஆள் கேட்கிறார்கள். காட்டுக்கார மக்களோடு ஒப்பந்தம் பேசுகிறார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம், மாதேஸ்வரன் மலையில், சோளகர் மக்கள் உண்ணிக் குச்சியில் நாற்காலி, மேசை பின்னுகிறார்கள் என்று சொன்னதும், மூதாளியிலும் ஒரு பட்டறை போட்டுவிட்டார்கள். ஒரு கட்டத்தைச் சுத்தம் செய்தபோது புதருக்கடியில் ஒரு நடுகல் வந்தது, புலியோடு பொருது இறந்தவனுக்கு ஊர் நட்ட கல். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கிற நடுகற்களைப் பார்த்தவர்கள் அன்று மேசையைச் சுற்றி இருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. சாபக்காட்டில் இதையே புதையல் என்று வைத்திருப்பேன், பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

குறைகளும் உண்டு. இதற்குப் பெரிய உச்சக்கட்டம் கிடையாது. கடைசிச் சண்டைக்காகவே ஆட வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு இன்னும் அந்த மனக்குறை இருக்கிறது, அவருக்காக அந்த அரசியின் தோட்டத்தை எங்கோ வைத்திருக்கிறேன். நாவலுக்கு இது தாங்குமா என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்ததும் இல்லை, அவர்களுக்குச் சாபம்தான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. மேசையில் ஒருவராவது காட்டோரம் வளர்ந்தவராக இருந்தது எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்றைக்குக் களை 27 கட்டத்தில் நிற்கிறது. 14-ஆம் கட்டத்தில் மேப் தாளே தேய்ந்து மெலிந்துவிட்டது, அத்தனை தடவை தீட்டி அழித்திருக்கிறேன். போன செஷனில் அங்கே புல் முழங்கால் உயரம் வந்துவிட்டதாகச் சொன்னேன். உடனே இடையனாக ஆடுகிறவர், “அண்ணா, இனி ஆடு விடலாமா?” என்று கேட்டார். மற்ற நான்கு பேரும் கூடாது என்று கத்தினார்கள். ஆடு இளம்புல்லை மிதிக்கும், வேரோடும் கடிக்கும் என்பது அவர்கள் கட்சி. புல்லே ஆட்டுக்காகத்தானே என்பது இவர் கட்சி. முக்கால் மணி நேரம் பேசினார்கள். மழை முடியும்வரை இருபது ஆடு மட்டும், காலையில் மட்டும் என்று தீர்ப்புச் சொல்லி மேப்பைச் சுருட்டினேன். இந்த வாரம் அந்தக் கட்டத்துக்கு மட்டும் இரண்டு பகடை உருட்டப்போகிறேன்.