முதுகுவலிக்கு மின்தூண்டல்: தோலின் மேலா, உடலுக்குள்ளா?

தோல் வழியே நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்பு தரும் டென்ஸ் (TENS) கருவியின் பட்டைகளை ஒட்டினால் போதும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். தண்டுவட மின்தூண்டலுக்கோ அறுவை சிகிச்சை வேண்டும்: முதுகெலும்புக்குள் மெல்லிய மின்கம்பி, தோலுக்கடியில் பேட்டரி. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் சொன்ன வலிவாயில் கோட்பாடுதான் இரண்டுக்கும் அடிப்படை: வேறு நரம்புகளைத் தூண்டினால், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வாயில் தண்டுவடத்திலேயே ஓரளவு அடைபடும்.

டென்ஸ் தரும் நிம்மதி பலருக்கும் கருவி ஓடும்வரைதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் கீழ்முதுகு வலிக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

தண்டுவட முறை, முதுகு அறுவைக்குப் பிறகும் காலில் இறங்கும் நரம்புவலி விடாதவர்களுக்கே பெரும்பாலும் பொருந்தும். தொற்று வரலாம், கம்பி நகரலாம். ஆனால் நிரந்தரமாகப் பொருத்துமுன் சில நாள் வெள்ளோட்டம் உண்டு. அதில் வலி பாதியாவது குறையாவிட்டால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.