‘சிறப்புக் குழந்தைகளுக்கும் சிகிச்சை’ என்ற பலகையை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. சென்ற ஆடி மாதம் வலப்பக்கக் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளவும், தயிர்சோற்றைக்கூட இடப்பக்கமாக ஒதுக்கி மெல்லவும் தொடங்கினான். அதைப் பிடிவாதம் என்றே நாங்கள் நினைத்தோம். பல்வலி என்று புரிய மூன்று வாரங்கள் ஆயின.

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனையின் வாசலில், சிறப்புக் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளிப்பதாகப் பலகை இருந்தது. தொலைபேசியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். ட்ரில்லின் கீச்சொலி அவனுக்கு ஆகாது, நேராகக் கண்ணில் விழும் விளக்கு ஆகாது, புதினா வாசனையும் ரப்பர் கையுறை வாசனையும் குமட்டும், நாற்காலி திடீரெனப் பின்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவதாக நினைத்துத் துள்ளுவான் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். “எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான் மேடம், காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள்” என்று காலை 10 மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.

மருத்துவர் வந்தது 11.25க்கு. அதுவரை சுவரில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. உள்ளறையில் வேறொருவருக்கு ட்ரில் ஓடியது. என் மகன் காதை மூடும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, வெளியே போகும்போதெல்லாம் கையில் வைத்திருக்கும் எவர்சில்வர் கரண்டியைக் கன்னத்தில் ஒற்றியபடி உட்கார்ந்திருந்தான். அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே அவனுடைய பொறுமை முழுதும் தீர்ந்துவிட்டது.

உள்ளே போனதும், “பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிஷ வேலை, அம்மா இருந்தால் அழுகை கூடும், நீங்கள் வெளியே இருங்கள்” என்றார்கள். நான் வெளியே போனேன். அது என் தவறு, இன்றுவரை அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கதவின் கண்ணாடி வழியே பார்த்தபோது நான்கு பேர் கையையும் காலையும் தலையையும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். தலையைப் பிடிக்க இடைஞ்சல் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். கரண்டி தரையில் கிடந்தது. பிடித்து அழுத்தப் போகிறோம் என்று யாரும் என்னிடம் சொல்லவுமில்லை, கையொப்பம் வாங்கவுமில்லை.

ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காமல் ஆறு பற்கள் சொத்தை என்றார்கள். முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க 48,000 ரூபாய். இன்றே 10,000 கட்டினால் 8,000 தள்ளுபடி. மயக்கம் கொடுக்கப் போகும் மருத்துவர் யார் என்று கேட்டதற்கு, “அன்றைக்கு ஒருவர் வருவார்” என்பதுதான் பதில். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பணத்தை அனுப்பினேன். அது மருத்துவமனையின் கணக்குக்குப் போகவில்லை, வரவேற்பில் இருந்தவரின் எண்ணுக்குப் போயிருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். பில் வரவேயில்லை.

அதன்பிறகு ஐந்து வாரங்கள் அவன் பல்துலக்கியை வாயருகே விடவில்லை. பேருந்தில் ஒரு பெண்மணி முகக்கவசத்தோடு ஏறியபோது, இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். கூட்டம் அங்கும் இருந்தது, ஆனால் நிலைமையைச் சொன்னதும் முன்னால் அழைத்தார்கள். முதல் நாள் நாற்காலியைச் சாய்க்கவே இல்லை. அவனுடைய கரண்டியை வைத்தே அவன் பற்களை எண்ணினார்கள். இரண்டாம் முறை வாய்க்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். மூன்றாம் முறைதான் எக்ஸ்ரே. சொத்தை இரண்டு பற்களில் மட்டுமே இருந்தது. அந்த ஆறில் கீழ் முன்பற்கள் இரண்டும் சொத்தையே இல்லை, விழுவதற்காக ஆடிக்கொண்டிருந்த பால்பற்கள்! மேலோட்டமான சொத்தையில் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவினார்கள்; ஊசியும் ட்ரில்லும் தேவைப்படவில்லை. சொத்தை பரவாமல் நிற்கும், அந்த இடம் மட்டும் கறுப்பாகிவிடும். என் மாமியாருக்கு அந்தக் கறுப்பில் இன்னும் மனக்குறைதான்.

வலப்பக்கப் பல்லின் சொத்தை ஆழமானது. அதற்கு முழு மயக்கம் வேண்டும் என்று அவர்களும்தான் சொன்னார்கள். ஆகவே மயக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்ரேயைக் காட்டிக் காரணம் சொன்னார்கள். மயக்க மருத்துவரை முன்கூட்டியே சந்திக்க வைத்தார்கள். திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதால், நேரம் தவறினால் அலறும் குழந்தைக்காக அதிகாலையிலேயே தொடங்கத் திட்டமிட்டார்கள்.

எனவே பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு படித்தவரா, முதல் வருகை வெறும் பழகுவதற்காக இருக்கலாமா, பெற்றோர் உள்ளே இருக்கலாமா, பிடித்து அழுத்தும் வழக்கம் உண்டா, மயக்கம் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். எரிச்சலோடு பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அதன் 25ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமையைக் குறிப்பிடுகிறது. காத்திருக்க வைக்கும்போது இதைத் தயங்காமல் சொல்லுங்கள். நான் அன்று சொல்லவில்லை.

அந்தத் தனியார் மருத்துவமனையில் மூன்று முறை நேரில் போய் நின்ற பிறகு 4,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 6,000 ‘பரிசோதனைக் கட்டணம்’ என்கிறார்கள். அதற்கான ரசீதைக் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவதற்காக, பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.