மெட்டைப் பிடுங்கியவர்கள்: வாங்கி வைக்கத் தகுந்த சில ஜாஸ் தட்டுகள்

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ எனக்கு முதலில் கேசட்டாகத்தான் கிடைத்தது. சுருதிப்பெட்டியைத் திறந்துவைத்துக் கேட்டேன். முதல் பக்கம் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை; இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். பிறகு மோட்டாரையே கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுபடியும் ஒரு புது பெல்ட். இரண்டாம் பக்கம் மட்டும் ஒழுங்காகச் சேர்கிறதே என்று யோசித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ஆனால் நான் கோயம்புத்தூரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருப்பவன். எனக்கு எப்போதும் மோட்டார் மேல்தான் முதல் சந்தேகம்.

கோளாறு நியூயார்க்கில், 1959 மார்ச் 2 அன்று நடந்தது. அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரையும், சுருதியும் ஏறும். முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அன்று பதிவானவை. ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்துக்கு இந்தக் குறை இல்லை. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். எனவே வாங்குகிறவர்கள் வேகம் திருத்திய பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர் ஜாஸுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. ‘ஸோ வாட்’ என்ற முதல் உருப்படி நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களில் நிற்கிறது. நடுவில் எட்டுத் தாளச் சுற்றுகளுக்கு மட்டும் வீடு முழுவதும் அப்படியே அரைச்சுரம் மேலே ஏறி, பிறகு இறங்கி வந்துவிடுகிறது. அந்த ஏற்றத்தை முதல்முறை கேட்டபோது வயிற்றில் ஏதோ செய்தது.

அதே 1959-இல் வந்த டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ தட்டை மிருதங்கக்காரர்களுக்காகவே சொல்கிறேன். பதினைந்து வயது வரை நானும் மிருதங்கம் கற்றவன். அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ கேட்டு, ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபு போட்டால் கை தடுமாறும். நம்முடையது தக தகிட. அவர்களுடையது தகிட தக. இன்னோர் உருப்படியான ‘ப்ளூ ரோண்டோ’வோ தகதிமி தக தகிட என்று ஒன்பது எண்ணும் அச்சு அசல் சங்கீர்ணம். இஸ்தான்புல் தெருவில் கேட்டு எடுத்துக்கொண்ட தாளம் அது. மூன்று சுற்று இப்படிப் போய், நான்காவதில் தகிட தகிட தகிட என்று உடைப்பார்கள். தட்டின் மற்ற உருப்படிகள் சுமார்தான்.

இனி ஃப்யூஷன், அதாவது ஜாஸோடு வேறு இசைகளைக் கலப்பது. இந்தப் பெயரில் வரும் தட்டுகளில் பாதிக்கு மேல் எனக்கு ஆகாது. தபலாவும் சிந்தசைசரும் சம்பந்தி வீட்டார் போல மாறி மாறி உபசரித்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாக வேகமெடுத்து முடிப்பார்கள். வாங்குவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாசித்தவர் இந்த இசைக்காகத் தன் கருவியின் மேல் கை வைத்தாரா?

கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் வைத்தார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற தன் குழுவின் மின்சார இரைச்சலுக்கு நடுவில் புகழின் உச்சியில் இருந்தவர், எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு நம் கலைஞர்களோடு சேர்ந்த சக்தி குழுவுக்காக அவர் செய்வித்த கிட்டாரில், மெட்டுகளுக்கு (சுரம் பிடிக்கும் இடங்களில் குறுக்கே பதித்த கம்பிகள்) இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையில் இழுப்பது போலத் தந்தியை இழுத்து, சுரத்தை அசைக்கும் கமகம் கொண்டுவர அது போதும். ஒலித்துளையின் மேலே சாய்வாக இன்னும் ஏழு தந்திகள், தம்பூரா வேலைக்கு. ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்ளின்’ என்ற முதல் தட்டு 1975-இல் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். முதல் உருப்படி ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். கிட்டாரும் வயலினும் கேள்வி பதிலாகப் பொரிந்து தள்ளும்போது, கீழே கடம் என்ன செய்கிறது என்று மட்டும் காது வைத்துக் கேளுங்கள். நிரவி நிரவிப் போய் ஒரே ஒரு கும்கியில் (குடத்தின் ஆழ்ந்த அடி) மொத்தக் குழுவையும் நிமிர்த்திவிடுவார் விநாயக்ராம். நடுவில் ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற சின்னஞ்சிறு உருப்படி. மழை ஓய்ந்த பிறகு கூரையிலிருந்து சொட்டுவது போல. மூன்றாவது, அரை மணி நேரத்தைத் தொடுவது. அதன் நடுப்பகுதியில் எனக்குக் கொட்டாவி வந்திருக்கிறது. இன்றும் வருகிறது.

இதற்கடுத்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’யில் ஓர் உருப்படி, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்குகிறது. ஐந்து நிமிடம்கூட இல்லை. பட்டறைப் பையன்கள் மறுபடி போடச் சொல்லிக் கேட்ட ஒரே ஜாஸ் அதுதான். மூன்றாவது தட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

மெக்லாஃப்ளின் மரத்தைச் செதுக்கினார் என்றால், ஜேக்கோ பஸ்டோரியஸ் தன் பாஸ் கிட்டாரின் மெட்டுகளையே பிடுங்கிப் போட்டார். பிடுங்கிய பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எப்பாக்ஸிப் பிசினைப் பூசினார். நாள்தோறும் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றுகிறவனுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்! மெட்டு போனதும் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வேலி இல்லை; பாஸ் பாடுகிறது. வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) தட்டில் ‘எ ரிமார்க் யூ மேட்’ கேட்டால் புரியும். ‘டீன் டவுன்’ உருப்படியில் டிரம்ஸும் அவரே. அந்தக் காலச் சிந்தசைசர் ஒலிகள் சில இன்று பழைய கல்யாண வீடியோவை நினைவூட்டும்; பொறுத்துக்கொள்ளலாம்.

கத்ரி கோபால்நாத்தும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, சாக்ஸபோனைக் கமகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர். அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ தட்டில் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள். கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், கூடவே எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும். வழுக்கி ஏறினால் கத்ரி. ஓரம் சீவினாற்போல வந்தால் மகந்தப்பா. சில இடங்களில் எது யார் என்று தெரியாமல் பின்னிக்கொள்வார்கள். தட்டின் சுகமே அங்கேதான் இருக்கிறது. சப்தம் கொஞ்சம் நெரிசல். வீட்டில் என் மனைவி கதவைச் சாத்திக்கொள்ளும் தட்டும் இதுதான்.

அவள் சாத்தாத தட்டு ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. 1971-இல் வந்தது. தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தா எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்தவர். 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி. கணவரும் சாக்ஸபோன் கலைஞருமான ஜான் கோல்ட்ரேனை 1967-இல் இழந்த ஆலிஸ், அந்தச் சுவாமியிடம் சென்று சேர்ந்தார். தம்பூரா முதலில் வரும். பிறகு செசில் மெக்பீயின் பாஸ், நான்கைந்து சுரங்களை வைத்துக்கொண்டு செக்கு மாடு போலச் சுற்றத் தொடங்கும். அதன் மேல் ஆலிஸின் யாழ் போன்ற ஹார்ப் கொட்டும். பட்டறையில் நாள் முழுதும் ஓடும் மோட்டாரின் உறுமலுக்கு ஒரு சுருதி உண்டு. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே நிற்கும். மாலையில் சுவிட்சை அணைத்த பிறகும் அது காதை விட்டுப் போகாது. இந்தத் தட்டைப் போட்டால் போய்விடுகிறது. இதில் வரும் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனை எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெரியாது. கடைசி உருப்படி மட்டும் வேறு ஓர் இடத்தில், மேடையில் பதிவானது. நீளம் அதிகம், நான் பெரும்பாலும் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

பட்டியல்களில் முதலிடத்தில் நிற்கும் மைல்ஸின் ‘பிட்சஸ் ப்ரூ’வை (1970) ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். விடவில்லை, நான்கு பக்கமும் மூன்று முறை கேட்டேன். பஸ் நிலையத்தில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புவது போல இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அவர் செய்த ‘இன் எ சைலண்ட் வே’ போதும். இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஓர் உருப்படி. தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தையே எடுத்து முடிவிலும் ஒட்டியிருக்கிறார். பல்லவிக்குத் திரும்பியது போல இருக்கும், ஒட்டு தெரியாது. என்னிடம் உள்ள ‘பிட்சஸ் ப்ரூ’ கீறல் இல்லாமல் நன்றாகவே இருக்கிறது. பாதி விலைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.