பாங்காக் டு சமுய் தீவு ‘ஒரே டிக்கெட்’: தீபாவளி லீவுக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

போன தீபாவளிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிப் பசங்க சிலர் போனஸ் பணத்தில் தாய்லாந்து போனார்கள். பாங்காக் பார்த்துவிட்டு அங்கிருந்து சமுய் தீவுக்குப் போவதாகத் திட்டம். பாங்காக்கில் வெளிநாட்டுப் பயணிகள் கூடும் காவ்சான் ரோட்டில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடைக்காரர், “விஐபி பஸ், ஸ்பீடு போட், ஹோட்டல் வாசல் வரைக்கும் வண்டி, எல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட்” என்றார். அங்கேயே வாங்கிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஏசி சரியாக ஓடாத பழைய பஸ். விடியற்காலை சூரத் தானி நகரத்தில் ஒரு கடை முன்னால் இறக்கி, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சட்டையில் ஒரு கலர் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து “போட் கேன்சல்” என்று சொல்லி ஆளுக்கு இன்னொரு தொகை வாங்கினார்கள். ஏற்றிவிட்டது லாரியும் காரும் போகிற மெதுவான கப்பல். தீவில் இறங்கினால் ஹோட்டலுக்கு வண்டி இல்லை. ரூமில் பையைத் திறந்தபோது இரண்டு பேருக்குப் பணம் குறைந்திருந்தது. “பூராத்துக்கும் சேத்தித்தானுங்ண்ணா காசு குடுத்தோம், இப்ப ஆருகிட்டப் போய்க் கேக்கறதுன்னே தெரியலீங்” என்று அவர்களில் ஒரு பையன் போனில் சொன்னதைக் கேட்டால் வயிறு எரியும். அது அவர்களின் ஒரு வருஷ உழைப்பு.

இது ஒன்றும் புது மோசடி இல்லை. இந்த வழித்தடத்தில் பல வருஷமாக இதே இடங்களில், இதே விதத்தில் நடக்கிறது. அதனால் எந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதை விவரமாக எழுதிவைக்கிறோம்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பாங்காக்கிலிருந்து சூரத் தானி சுமார் 640 கிலோமீட்டர், பஸ்ஸில் பத்துப் பதினொரு மணி நேரம். கோயம்புத்தூரிலிருந்து சென்னை போய், அதற்கு மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போவது போன்ற தூரம். சூரத் தானி டவுனில் கடலோரக் கப்பல் துறை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகல் கப்பல்கள் கிளம்புவது கிழக்கே அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டோன்சாக்கில். அங்கிருந்து சமுய்க்குக் கார் ஏற்றும் கப்பலில் ஒன்றரை மணி நேரம். ஆக பஸ், வேன், கப்பல், தீவுக்குள் மறுபடி வண்டி என்று நான்கு வண்டி மாறுகிறீர்கள். காவ்சான் கடைக்காரருக்கு இந்த நான்கில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. அவர் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைப் பஸ்காரருக்கு அனுப்புகிறார், பஸ்காரர் சூரத் தானி கடைக்கு, அந்தக் கடை கப்பலுக்கு. திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: நிட்டிங் ஒருத்தர், டையிங் ஒருத்தர், பிரிண்டிங் ஒருத்தர் என்று ஜாப் ஒர்க் கைமாறிப் போன துணியில் கறை வந்தால் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள் அல்லவா, அதேதான். ஆளுக்கொரு பங்கு எடுத்தபின் கடைசி ஆளுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தக் குறையை அவர் உங்களிடம்தான் வசூல் செய்வார்.

வசூல் நடப்பது சூரத் தானியில், அந்த ஸ்டிக்கரை வைத்து. காவ்சானில் தரும் டிக்கெட் பெரும்பாலும் கையால் எழுதிய சின்னப் புத்தகம் அல்லது ரசீது. அதில் “ஸ்பீடு போட்” என்று எழுதியிருக்கும். விடிய ஐந்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், இருபது முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு ஆள் அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கரில் தீவின் பெயரோ வெறும் கலரோதான் இருக்கும். கப்பல் கம்பெனி பெயர் இருக்காது, புறப்படும் நேரம் இருக்காது, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதும் இருக்காது. அந்த நிமிஷத்திலிருந்து வேகப் படகுக்குப் பணம் கொடுத்ததற்கு உங்கள் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. ரிட்டர்ன் சேர்த்து வாங்கியிருந்தால் அதுவும் போச்சு.

ஸ்டிக்கர் ஒட்டுவதே மோசடி என்று சொல்லவில்லை. கூட்டத்தைப் பிரிக்க நல்ல கம்பெனிகளும் ஒட்டுகின்றன. டிக்கெட்டை முழுதாகக் கொடுப்பதுதான் ஆபத்து. வாங்கிய உடனே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். சூரத் தானியில் கேட்டால் அந்தப் பகுதிக்கான துண்டை மட்டும் கிழிக்கச் சொல்லுங்கள். முழுப் புத்தகத்தையும் கேட்டால், கப்பல் கம்பெனியின் சொந்த டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். கம்பெனி பெயர், தேதி, நேரம், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு என்பது அச்சில் இருந்தால்தான் அது கப்பல் டிக்கெட்.

அடுத்தது பை. இரவு பஸ்களில் பெரிய பைகளை அடியில் இருக்கும் டிக்கியில் போடச் சொல்வார்கள். காவ்சானிலிருந்து கிளம்பும் மலிவு பஸ்களில் டிக்கிக்குள்ளேயே ஒரு ஆள் படுத்துக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்க நிதானமாகப் பைகளைத் துழாவுவது பழைய பழக்கம். மொத்தத்தையும் எடுக்க மாட்டார்கள். பணக்கட்டிலிருந்து சில நோட்டுகளை மட்டும் உருவிக்கொண்டு, துணிகளை மடிப்புக் கலையாமல் வைத்து மூடிவிடுவார்கள். தெரியும்போது நீங்கள் தீவில் இருப்பீர்கள், பஸ் பாங்காக்குக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

பூட்டு போட்டிருக்கிறோமே என்பீர்கள். ஜிப் வைத்த சூட்கேஸில் பூட்டுக்கு வேலையே இல்லை. ஒரு பால்பாயின்ட் பேனா முனையை ஜிப் பல்லுக்கு நடுவில் குத்தினால் போதும், பல் பிரிந்து பை திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் பூட்டோடு சேர்ந்திருக்கும் இரண்டு ஜிப் தலைகளையும் ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துவிட்டால் பல் மறுபடி சேர்ந்துவிடும். பூட்டு அப்படியே இருக்கும். இதைத் தடுக்க வேண்டுமானால் ஜிப் தலைகளைப் பையின் கைப்பிடியோடு ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டுங்கள். தலை நகராவிட்டால் பிரித்த பல்லை மூட முடியாது, இறங்கும் இடத்திலேயே தெரிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களின் பையில் ரொக்கம் அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தாய்லாந்து இமிக்ரேஷனில் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று ஆளுக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000 பாட் வரை காட்டச் சொல்லலாம். அதனால் டிராவல்ஸ்காரர்கள் இங்கேயே மாற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் ஏர்போர்ட் தாண்டிய பிறகு அந்தப் பணக்கட்டைப் பெட்டிக்குள் சுருட்டி வைக்காதீர்கள். சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டும் பையில் பணமும் பாஸ்போர்ட்டும் இருக்கட்டும், தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். தலைக்கு மேலிருக்கும் ரேக்கும் பாதுகாப்பில்லை. இறங்கியதும் பஸ் நகர்வதற்கு முன் பையைத் திறந்து பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து திறந்தால் பஸ்காரர் அவசரப்படுத்தினாலும் நிற்பார்.

இனி “போட் கேன்சல்”. உண்மையிலேயே கேன்சல் ஆகும் நாட்களும் உண்டு. அந்த நாட்கள் நம் தீபாவளியோடு பொருந்திப் போவதுதான் பெரிய சிக்கல். சமுய், பங்கன், தாவோ ஆகிய மூன்று தீவுகளும் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கின்றன. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பர்தான் உச்சம். அலை எழும்பினால் முதலில் நிற்பது வேகமான கேட்டமரான் படகுகள். கார் ஏற்றும் பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் ஓடக்கூடும். ஏமாற்றுகிறவர்களுக்கு இது தெரியும். வானம் கொஞ்சம் மூடியிருந்தாலே “கேன்சல்” என்று சொல்லிவிடுவார்கள்.

அப்போது கேட்க வேண்டியது: எந்தக் கம்பெனி, எத்தனை மணிப் படகு? பதில் வந்தால் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தைப் போனில் பாருங்கள், அல்லது நேரே போன் செய்யுங்கள். உண்மையாகவே நின்றிருந்தால் அடுத்த படகுக்கு மாற்றுவதோ பணத்தைத் திருப்புவதோதான் கம்பெனிகளின் வழக்கம். நின்றுபோன படகுக்காக உங்களிடம் கூடுதல் பணம் கேட்பவர் கப்பல்காரர் இல்லை.

எங்கள் கருத்தில், தீபாவளி லீவுக்குக் கடல் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சமுய் வேண்டவே வேண்டாம். அதே சமயத்தில் மேற்குப் பக்கத்து அந்தமான் கடலில், புகெட், கிராபி பக்கம், மழை ஓய்ந்துகொண்டிருக்கும். சமுய்க்கு ஏப்ரல், மே ஸ்கூல் லீவு பொருத்தம். வெயில் அடிக்கும், கடல் அமைதியாக இருக்கும்.

போவதென்றே முடிவு செய்தால், வண்டி ஓட்டுகிறவரிடமே டிக்கெட் வாங்குங்கள். பாங்காக்கில் தென்திசைப் பஸ்களுக்குத் தனி பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, பெயர் சாய் தாய் மாய், தலிங் சான் பகுதியில். டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அரசு போக்குவரத்துக் கம்பெனிக்கு அங்கே கவுன்டர் உண்டு. 24 சீட் விஐபி பஸ் கேளுங்கள், ஒரு பக்கம் ஒற்றை சீட், மறுபக்கம் இரட்டை. பைக்கு நம்பர் போட்ட சீட்டு தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். ராத்திரி நிறுத்தத்தில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே வெறும் சோறுதான் மிஞ்சும். கையில் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இருந்தால் நிம்மதி.

டோன்சாக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ராஜா ஃபெர்ரி என்ற கப்பல் கம்பெனிக்கு ஒரு துறை, சீட்ரான் என்ற கம்பெனிக்கு வேறு துறை, நடந்து மாற முடியாத தூரம். டிக்கெட்டில் எந்தக் கம்பெனி என்று பார்த்து அந்தத் துறைக்கே வேன் போகிறதா என்று ஏறும் முன் கேளுங்கள். தப்பான துறையில் இறங்கினால் அங்கே நிற்கும் டாக்சிக்காரர் சொன்னதுதான் விலை. மாலைக்கு மேல் கப்பல் குறைந்துவிடும், பிற்பகலுக்குள் டோன்சாக் சேருவது நல்லது.

ஒரே டிக்கெட்தான் வசதி என்பவர்களுக்கு நல்ல வழியும் உண்டு. லோம்பிரயா போன்ற படகுக் கம்பெனிகள் பாங்காக்கிலிருந்து, சூரத் தானிக்கு முன்னாலேயே வரும் சும்போன் வரை தங்கள் பஸ்ஸிலேயே கூட்டிப்போய்த் தங்கள் படகிலேயே ஏற்றுகின்றன. பஸ்ஸும் படகும் ஒரே கம்பெனி, அதனால் யாரைக் கேட்பது என்ற பிரச்சினை இல்லை. ஆனால் படகு தாவோ, பங்கன் தொட்டுத்தான் சமுய் வரும், கடலில் நான்கு மணி நேரம் வரை ஆகும். கடல் பழகாத வயசானவர்களும் குழந்தைகளும் இருந்தால் டோன்சாக் வழியே மேல். ரயிலும் இருக்கிறது: பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து படுக்கை வசதியோடு போகலாம். சூரத் தானி ஸ்டேஷன் டவுனுக்கு வெளியே புன்பினில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டோன் முவாங் ஏர்போர்ட்டிலிருந்து சூரத் தானிக்கு மலிவு விமானம், அதோடு பஸ், கப்பல் சேர்த்து விமானக் கம்பெனியே விற்பதும் உண்டு. சமுய் ஏர்போர்ட் ஒரு தனியார் விமானக் கம்பெனி கட்டி 1989-ல் திறந்தது, அங்கே நேரே இறங்கும் டிக்கெட் விலை கூடுதல்.

தீவில் சீட்ரான் கப்பல் நாதோனில் நிற்கும், ராஜா லிப்பா நொய்யில் நிற்கும். இரண்டும் மேற்குக் கரை. நம்மவர்கள் ரூம் போடும் சாவெங், லமாய் இரண்டும் கிழக்குக் கரை, சுமார் இருபது கிலோமீட்டர் போக வேண்டும். பகலில் சோங்தேவ் என்ற ஷேர் வண்டி ஓடும், முன்னால் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். ஏறும் முன் ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பொழுது சாய்ந்தால் அதே வண்டி தனி வாடகை கேட்கும். டாக்சி மீட்டரை நம்ப வேண்டாம், பேசித்தான் ஏற வேண்டும்.

கோவை, ஈரோடு, திருப்பூர் டிராவல்ஸ்களில் பேக்கேஜாக எடுக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: கப்பல் கம்பெனி பெயர், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, படகு நின்றால் பணம் யார் தருவது. “டிரான்ஸ்ஃபர் இன்க்ளூடட்” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். சில இடங்களில் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டைக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். 2025 மே 1 முதல் கட்டாயமாகியிருக்கும் அந்த அட்டை இலவசம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பணம் கேட்கும் தளம் போலி அல்லது இடைத்தரகர்.

ஏமாந்துவிட்டால் 1155 என்ற டூரிஸ்ட் போலீஸ் எண்ணுக்கு அந்த இடத்திலிருந்தே அடியுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். சூரத் தானி கடையில் பணம் கேட்கும்போதே அந்த எண்ணைப் போனில் போட்டுக் காட்டினால் பல நேரம் கூடுதல் கட்டணம் மறைந்துவிடும். திருட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் நகல் வாங்க வேண்டும், அது இல்லாமல் டிராவல் இன்சூரன்ஸ் பணம் வராது. டிக்கெட் வாங்கிய கடையின் போர்டு, உள்ளே மாட்டியிருக்கும் லைசென்ஸ் எண், ரசீது மூன்றும் போட்டோவில் இருந்தால்தான் போலீஸால் அந்தக் கடைக்குப் போய்க் கேட்க முடியும். லைசென்ஸ் மாட்டாத கடை என்றால் அங்கே டிக்கெட் வாங்க வேண்டாம், நான்கு கடை தள்ளி இன்னொன்று இருக்கும்.