கூலிங்குக்கு நூறு மார்க், தட்டுக்கு முட்டை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இட்லி, தோசை மாவுக் கடை வைத்திருக்கிறேன். கடையில் நிற்பது ஒற்றைக் கண்ணாடிக் கதவு விசி கூலர், 400 லிட்டர் வகை. 5 வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் அதன் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் இதைப் புகழ்ந்து மட்டும்தான் எழுதுவேன், அது யாருக்கும் உதவாது. கம்பெனி பெயர் வேண்டாம். பக்கத்து ஜூஸ் கடையில் இருப்பது வேறு கம்பெனிப் பெட்டி, அங்கேயும் இதே பாட்டுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. கூலிங் பிரமாதம். கம்ப்ரசர் வாங்கியபோது வந்ததே இன்னும் ஓடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 38, 40 என்று கொதிக்கும்போதும், காலைச் சரக்கு அடுக்கிக் கொஞ்ச நேரம் கதவைத் தொடாமல் விட்டால் உள்ளே 4, 5 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். மாவு வியாபாரத்தில் இதுதான் லாப நஷ்டக் கணக்கு. பொங்கி முடிந்த மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. குளிரில் வேகம் குறையுமே தவிர வேலை நிற்காது. 4 டிகிரியில் என் பாக்கெட் மூன்று நாள் தாங்கும். 9, 10 என்று ஏறினால் மறுநாள் சாயங்காலமே கவர் உப்பிக்கொள்ளும். அடுத்த நாள் யாராவது அதைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். அந்த நிலைமை இந்தப் பெட்டியால் எனக்கு அதிகம் வந்ததில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். விசி கூலர் ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கச் செய்த பெட்டி, வெதுவெதுப்பான சரக்கைக் குளிர்விக்க அல்ல. பத்துக் கிலோ மாவு வாளியை அப்படியே உள்ளே தள்ளினால் ஓரம் ஜில்லென்று இருக்கும், நடுவில் கையை விட்டால் மணிக்கணக்கில் சூடு இருக்கும், அங்கே புளிப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் பாக்கெட் போட்டு, தட்டையாகப் பரப்பி, கம்பித் தட்டில் ஒரே வரிசையாகத்தான் வைக்கிறோம். பின்சுவரை ஒட்டி அடுக்குவதில்லை, காற்று சுற்ற வழி வேண்டும்.

சரி, இப்போது தலைப்பில் முட்டை வாங்கிய தண்ணீர்த் தட்டுக்கு வருகிறேன்.

கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதில் இருக்கும் ஈரம், உள்ளே குளிரைத் தரும் செம்புக் குழாய்ச் சுருளான காயிலில் பட்டு நீராகி, பனியாகப் படிகிறது. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தில் அந்தப் பனி உருகி, ஒரு சின்னக் குழாய் வழியாகக் கீழே இறங்கி, கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விழுகிறது. கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஐப்பசி மழையில், காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது எங்கே ஆவியாவது? சாயங்காலக் கூட்டத்தில் கதவு மூடுவதும் இல்லை. தட்டு நிரம்பி வழிகிறது. வழிந்தது தரையில் ஓடி, வாடிக்கையாளர் காலடியில் வந்து நிற்கிறது.

கடைகளில் வைக்கும் இப்படிப்பட்ட குளிர் அலமாரிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 23953 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் 4ஆம் வகுப்பு என்றால் சோதனை அறையில் 30 டிகிரி வெப்பம், 55 சதவீத ஈரப்பதம். என் பெட்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பது அந்த 4தான். 55 சதவீத ஈரப்பதத்தைப் புதுச்சேரியில் எங்கே போய்த் தேட? மழைக்காலத்தில் இங்கே 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எங்கள் தலையில் மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வியர்ப்பதும் இதனால்தான். அதையாவது துணியால் துடைத்துவிடலாம்.

தட்டை அப்படி எடுத்துக் கொட்டிவிட முடியாது. பெட்டியைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும். பின்பக்கக் கம்பி வலையின் திருகுகளைக் கழற்ற வேண்டும். அப்போதும் தட்டு வராது. அது கம்ப்ரசர் குழாய்களுக்கு அடியில் செருகி இருக்கிறது, வெளியே இழுத்தால் குழாய் வளையும். எனவே தரையில் ஒருக்களித்துப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஸ்பாஞ்சை உள்ளே விட்டு, நனைத்து, வெளியே எடுத்துப் பிழிந்து, மறுபடி உள்ளே விட வேண்டும். மாவுக் கடை என்பதால் அது வெறும் தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அதன் புளித்த வாடை கையில் இரண்டு சோப்புக்கும் போகாது. என் வீட்டுக்காரர் ஒரு முறை செய்துவிட்டு, இனி கிரைண்டர் வேலை முழுவதும் தன்னுடையது, தட்டு மட்டும் என்னுடையது என்று உடன்படிக்கை போட்டுக்கொண்டார்.

வாரண்டி இருந்த காலத்தில் சர்வீஸுக்குப் போன் செய்தேன். வந்த பையன் மரியாதையானவன். குனிந்து பார்த்துவிட்டு, "நார்மல்தான் மேடம், கதவை அடிக்கடி திறக்காதீங்க" என்றான். கதவைத் திறக்காமல் மாவு விற்பது எப்படி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனான். அந்தச் சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

வழிந்த தண்ணீர் தரையோடு போயிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அது அடித்தகட்டில் தேங்கியது. புளிப்பு வேறு, கடற்காற்றின் உப்பு வேறு. தகட்டில் முதலில் பெயிண்ட் கொப்புளித்தது, அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் பொடி கொட்டியது. போன வாரம் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்திப் பார்த்ததும் அப்பளமாக நொறுங்கியது. கம்ப்ரசர் ஒரு பக்கம் சாய்ந்து, குழாய் பெட்டியின் உடலில் உரசிக் கடகடவென்று சத்தம் வந்ததற்குக் காரணம் அதுதான். குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய் உடைவதற்கு முன்னால் பார்த்துவிட்டோம். லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெட்டி, வளைத்துப் போட்டாயிற்று. இனி துருப்பிடிக்க நாளாகும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று முன்பே வந்தது. ஆச்சரியம், அதற்கு எனக்குக் கோபமே இல்லை. மூன்றாம் வருஷம் கூலிங் குறைந்தது. காயிலில் ஒரு பாதியில் பனி, மறு பாதி காய்ந்து கிடந்தது. கேஸ் குறைந்தால் அப்படித்தான் தெரியும். வந்தவர் கேஸ் ஏற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். சில வாரத்தில் மறுபடி அதே கதை. அப்புறம் வந்த பெரியவர்தான் தொழில்காரர். கேஸை மீட்டு எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி உட்கார்ந்தார். காயில் வளைவில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஓட்டை கண்ணுக்கே தெரியாது, செம்பின் மேல் கறுப்பும் பச்சையுமாக ஒரு படிவு மட்டும். "பொங்குற மாவை மூடாம உள்ள வெப்பீங்களாம்மா?" என்று கேட்டார். மாவுக் கடையில் மூடியை இறுக்க முடியாது, பொங்கிப் பிதுங்கிவிடும். புளிக்கும் மாவிலிருந்து கரியமில வாயுவோடு அசிட்டிக் அமிலத்தின் ஆவியும் கொஞ்சம் வரும். அந்த ஆவியும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் செம்பை உள்ளுக்குள் எறும்புப் புற்று மாதிரி வழி போட்டு அரிக்கும். ஊறுகாய், வினிகர் வைக்கும் பெட்டிகளுக்கும் இதே நோய் உண்டு. கோட்டிங் கொடுத்த காயில் மாற்றினோம். குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து வேக்குவம் போட்டு, கேஸை எடை பார்த்து ஏற்றினார். எட்டாயிரத்துக்கு மேல் ஆனது. ஆனால் அது என் தொழிலின் குணத்தால் வந்தது, பெட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. தட்டு அப்படி இல்லை. நூறு ரூபாய் பெறாத பிளாஸ்டிக்கை ஒரு ஜாண் வெளியே தள்ளி வைத்திருந்தால் முடிந்த விஷயம்.

அடித்தகடு மாற்றிய அன்றைக்கே தட்டுக்கும் ஒரு வழி செய்துவிட்டார் அந்தப் பெரியவர். ஒரு அடி உயர இரும்பு ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றினார். தட்டுக்குப் போகும் குழாயை வெட்டி, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப் சேர்த்து, கீழே ஒரு கேனில் விட்டார். டியூபை நேராக விடவில்லை, நடுவில் வளைத்து அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்தார். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே வெளிக்காற்றை இழுக்குமாம். இப்போது ராத்திரி கடை சாத்தும்போது கேனைக் கொட்டுகிறேன், வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கலந்து குழாயில் ஊற்றுகிறேன். தரை காய்ந்து கிடக்கிறது. இந்த நிம்மதிக்கு 5 வருஷம் ஆனது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதைச் சொல்லும்போதுதான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவுக் கடை போடப்போகும் என் சித்தி மகன் கேட்டான்: "அக்கா, அதே பெட்டி இப்ப ஆஃபர்ல வருது, எடுத்துடட்டுமா?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

எந்தப் பெட்டி எடுத்தாலும் ஸ்டாண்ட் முதலில் போடு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி இங்கே கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். உங்கள் பக்கம் அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்து, தென்பெண்ணை ஊருக்குள் ஏறியதை நீயே பார்த்தாய். கம்ப்ரசரும் வயரிங்கும் எல்லாப் பெட்டியிலும் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது.

டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் வாங்கு. கரண்ட் போய் உடனே வந்தால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும், டிக் டிக் என்று ட்ரிப் ஆகும். மூன்று, நான்கு நிமிஷம் பொறுத்துக் கிளம்பினால் ஆயுள் கூடும். என் கம்ப்ரசர் இவ்வளவு நாள் நின்றதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடு. உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்துவிடும், அழுத்தித் தேய்த்தால் உதிரும். கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார். தடையில்லாமல் வந்தால் கதவோர ரப்பர், அதாவது கேஸ்கட், தளர்ந்திருக்கிறது. வெந்நீர்த் துணியால் ஒற்றினால் பாதி சமயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

கேஸ் என்ன என்று கேட்டு வாங்கு. என்னுடையது ஆர்134ஏ. புதுப் பெட்டிகளில் ஆர்290 வருகிறது. அது புரொப்பேன், சமையல் சிலிண்டரிலும் பியூட்டேனோடு கலந்திருப்பது. அளவு குறைவுதான், கரண்டும் மிச்சமாகும் என்கிறார்கள். ஆனால் தீப்பிடிக்கும் சாமான். உள்ளே கேஸ் இருக்கும்போது வெல்டிங் டார்ச் காட்டக் கூடாது என்று தெரிந்த ஆள் உன் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் பார். "எந்த கேஸா இருந்தா என்ன, இருக்கிறதை ஏத்திடலாம்" என்று சொல்பவரைப் படியேற விடாதே.

கடைசியாக, ஷோரூமில் எல்லோரும் முன்னால் நின்று கதவைத் திறந்து லைட் எரிகிறதா என்று பார்ப்பார்கள். நீ பின்னால் போ. தண்ணீர்த் தட்டு எங்கே இருக்கிறது, திருகு எதையும் தொடாமல் அதை வெளியே இழுக்க முடிகிறதா என்று பார். சேல்ஸ்மேன் முழிப்பார், பரவாயில்லை. முடியவில்லை என்றால் ஆஃபர் பாதி விலையாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

ஆகவே இந்தப் பெட்டியை வாங்காதே என்றேன். கூலிங் நூற்றுக்கு நூறு, கம்ப்ரசர் தங்கம், சத்தம் கிடையாது, கரண்ட் பில்லும் கையைக் கடிக்கவில்லை. இருந்தாலும் வாங்காதே. "அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு, நீ புதுசு எடுத்துக்க" என்றான். தகடு புதுசு, காயில் புதுசு, தட்டுத் தொல்லையும் தீர்ந்தது. எதற்குக் கொடுக்க வேண்டும்? முடியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.